நாற்பத்தொரு பேரின் ஒரே கருத்து

அந்த ஆள் படிப்பகத்துக்குள் வந்து "நான்தான் சமர்வேந்தன்" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. எவன் எதைச் சொன்னாலும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்தேன் என்கிறான், ஆதார் நம்பர் சரிபார்க்க வந்தேன் என்கிறான். எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள். இந்த ஆளும் சிரித்தார்.

என் பேர் சுப்பராயன். துறைமுகத்தில் முப்பத்திநாலு வருடம் வின்ச் ஓட்டினேன். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கி வெளியே வைக்கிற வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. படிப்பேன், எழுதுவேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஒரு படிப்பகம் இருக்கிறது. ஹார்பர் ஆட்கள் நாங்கள் சேர்ந்து கட்டியது. அங்கே ஒரு வழக்கம். 'சுங்க அதிகாரி செம்பியன்' என்று மாதம் ஒரு சண்டை நாவல் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் கருத்து சொல்லியாக வேண்டும். சும்மா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போக முடியாது. எல்லாக் கருத்தையும் சண்டை போட்டு ஒரே கருத்தாக ஆக்குவோம். அதை நான் இன்லண்ட் கடிதத்தில் எழுதி, கீழே எல்லார் பேரையும் போட்டு, பதிப்பகத்துக்கு அனுப்புவேன். முப்பத்திமூன்று வருடமாக அந்த நாவல் வருகிறது.

அதை எழுதுகிறவர் பேர்தான் சமர்வேந்தன். புத்தகத்தில் அவர் படத்தை ஒருநாளும் போட்டதில்லை. பெரிய மீசை வைத்த மிலிட்டரிக்காரன் என்று நாங்களாக நினைத்திருந்தோம். என் முன்னால் நின்றவர் ஒல்லி. அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப்பை. காலில் சர்க்கரை நோய்க்காரர்கள் போடுகிற மெத்தைச் செருப்பு.

"நூத்திப் பன்னண்டாவது புக்குல செம்பியன் ஏர்ற கப்பல் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ஞாபகம் இல்லையே, சார்."

"எம்பத்தேழுல செத்துப்போன கறுப்பு டிசோசா, நூத்தி நாப்பதுல எப்பிடி வந்தான்?"

"வந்தானா?"

"வந்தான். மறுபடியும் செத்தான்."

"ஐயையோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

படிப்பக வாசலில் தள்ளுவண்டி போட்டு இட்லியும் வடகறியும் விற்கிற ரஹீமுன்னிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவருதாண்ணே எய்தினவரு. டூப்ளிகேட்டா இருந்தா மனப்பாடம் பண்ணிகினு வந்திருப்பான்" என்றாள்.

அந்த ஆள் துணிப்பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் இன்லண்ட் கடிதங்கள். என் கையெழுத்து. மேலே இருந்ததை எடுத்து அவரே வாசித்தார். "அறுபத்தோராவது நாவலில் செம்பியன் நாற்பதடி ஆழக் கப்பலறைக்குள் குதிக்கிறான். குதித்தால் கால் இருக்காது. பக்கத்தில் இரும்பு ஏணி இருக்கிறது. ஏணியில் இறங்கச் சொல்லவும்."

"அதுக்கப்புறம் அவன் ஏணியிலதான் இறங்கினான்" என்றார்.

"ஆமா. அறுவத்தி நாலுல."

"நான் ஹார்பருக்குள்ள ஒரு தடவகூடப் போனதில்ல, சார். ராயபுரத்துலயே பொறந்து வளந்தவன்தான். எங்கப்பா தெக்கேருந்து வந்து கருவாட்டு மண்டி வச்சவரு. என் பேரு ஆன்றோ. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கிரேனோட தலைய மட்டும் பாத்திருக்கேன். அறுபதாவது புக்குக்கு அப்புறம் எழுதினது அத்தனையும் உங்க கடுதாசிய வச்சுத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் எடுத்ததையே எனக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறான் இந்த மனுஷன். கோபத்தோடேயே ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "குந்து. இன்னா விஷயம்?"

விஷயம் இதுதான். கொரோனா வந்த வருடம் புத்தகம் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். செம்பியனை ஒரு செல்போன் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆப்பில்தான் இப்போது கதை வருகிறது. எங்கள் படிப்பகத்தில் அந்த ஆப் இருந்தது ரஹீமுன்னிசாவின் போனில் மட்டும். துபாயிலிருந்து அவள் மகன் வாங்கி அனுப்பிய போன். அதை வைத்து அவள்தான் வாசிப்பாள். கடிதம் எழுத மட்டும் விலாசம் இல்லாமல் போய்விட்டது. ஆப்பிலேயே கருத்து எழுத இடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

இப்போது கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுபத்தைந்து கருத்தாவது வர வேண்டும். நட்சத்திரம் நாலுக்கு மேல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முந்நூற்றுத் தொண்ணூற்றாறோடு செம்பியன் காலி. ஆன்றோ சொன்ன அன்றைக்கு முப்பத்தெட்டு கருத்து, மூன்று புள்ளி ஒன்று நட்சத்திரம்.

"படி, கேப்போம்" என்றேன் ரஹீமுன்னிசாவிடம்.

அவள் போனைத் தூரமாகப் பிடித்து வாசித்தாள். "'ஹீரோகிட்ட ஒரு போன்கூட இல்ல, செம கிரிஞ்ச்.' 'எல்லா பார்ட்டும் ஒரே மாதிரி கீது.' 'ரொமான்ஸ் எங்கே?' 'எங்க தாத்தாவுக்குப் பிடிக்கும்.'"

"கிரிஞ்சுன்னா இன்னாடா?" என்று ஆட்டோ ஓட்டுகிற பகலவனைக் கேட்டேன்.

"உன்னிய மாரி, பெர்சு."

ஆன்றோகூடச் சிரித்துவிட்டார். நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "நிறுத்தினா நிறுத்திக்கினு போறான். நீ வேற கதை எய்த வேண்டியதுதான?"

"எழுதிப் பாத்துட்டேன், சார். மூணு தடவை. வேற ஆளு வரமாட்டேங்குறான். காலைல எந்திரிச்சா செம்பியன் இன்னைக்கு என்ன செய்யப் போறான்னுதான் தோணுது. என் வீட்டுக்காரி எறந்து அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கும் ரெண்டு பக்கம் எழுதினேன். அவன நிறுத்திட்டா நான் காலைல எந்திரிச்சு என்ன செய்ய?"

"ஞாயித்துக்கெயம பாக்கலாம். நீ வராத. கருத்து சொல்ற எடத்துல எய்தினவரு இருக்கக் கூடாது" என்று அனுப்பிவிட்டேன். அது எங்கள் படிப்பகத்து நியாயம். அந்த நியாயத்தை அன்றைக்கு நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் படிப்பகம் நிறைந்துவிட்டது. எண்ணூரிலிருந்து இரண்டு பேர், மாத்தூருக்குக் குடிபோன ஒருவர் எல்லாம் வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். கருத்து ஆரம்பமானது.

மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிற ஹில்டா எழுந்தாள். "செம்பியன் ஆபீஸு டைப்பிஸ்ட் பொண்ணு முப்பத்திமூணு வர்சமா காத்துகினு கீது. இவன் துப்பாக்கியத் தொடச்சிகினு கீறான். கண்ணாலம் பண்ணிக்கச் சொல்லு மொதல்ல."

"பண்ணிகினா அப்பால எங்க சண்டை போடுவான்? வூட்லயேதான் போடணும்" என்றான் பகலவன்.

நான் என் கருத்தைச் சொன்னேன். இரண்டு வருடமாகக் கதையில் ஓட்டை விழுந்திருக்கிறது. கன்டெய்னரின் சீலைப் பல்லால் கடித்துத் திறக்கிறான். அதைக் கட்டர் வைத்துத்தான் வெட்ட முடியும். எங்கள் கடிதம் நின்றுபோனதால் வந்த தப்பு இது. உண்மையைச் சொன்னால் இப்போதைய கதைக்கு மூன்று நட்சத்திரம்தான் தகும் என்றேன்.

"அண்ணே, அந்தாளு மூஞ்சியப் பாத்தல்ல? அஞ்சு குடுண்ணே" என்றாள் ரஹீமுன்னிசா.

அரைமணி நேரம் சண்டை. கடைசியில் நட்சத்திரம் ஐந்து, ஆனால் தப்புகளைத் தப்பு என்றே எழுதுவது என்று முடிவானது. நான் சொல்லச் சொல்ல ரஹீமுன்னிசா போனில் தட்டினாள்.

"சுங்க அதிகாரி செம்பியன் கதையை முப்பத்திமூன்று வருடமாகக் கேட்டு வருகிறோம். நல்ல கதை. சமீபத்தில் சில தவறுகள் உள்ளன. சீலைப் பல்லால் திறக்க முடியாது. சண்டையைக் குறைக்கவும். டைப்பிஸ்டைக் கல்யாணம் செய்துகொள்ளவும். கதையை நிறுத்தக் கூடாது. இப்படிக்கு, திருவொற்றியூர் படிப்பக வாசகர்கள்."

கீழே நாற்பத்தொரு பேரையும் போடச் சொன்னேன். பகலவன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இத்தினி பேரப் போட்டாலும் ஒரு கருத்துன்னுதான் எண்ணுவான். ஆளுக்கு ஒரு கணக்கு தொறக்கணும். ஆளுக்கு ஒரு நம்பர் வோணும். அதுக்கு ஓடிபி வரும்."

எங்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன். டச் போன் வைத்திருப்பவர்களின் போனிலும் இடம் இல்லை, கண்ணாடி உடைந்திருக்கிறது, ரீசார்ஜ் இல்லை. அதனால் எல்லாக் கணக்கையும் ரஹீமுன்னிசாவின் போனிலேயே திறப்பது என்று ஆனது. அவரவர் பட்டன் போனில் ஓடிபி வரும், அதை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓடிபியை எவனிடமும் சொல்லாதே என்று பேங்க்காரனே தினமும் சொல்கிறான். என் ஓடிபியை மட்டும் நான் பகலவனின் காதில் சொன்னேன்.

"பெர்சு, ஆளுக்கு வேற வேற மாரி எய்தலாமா? ஒரே எய்த்தா கீது" என்று அவன் கேட்கத்தான் செய்தான்.

"படிப்பகத்துக்கு ஒரே கருத்துதான். ஆளுக்கொன்னு எய்தினா அதுக்குப் பேரு கருத்தா? அது தெருச்சண்டை" என்றேன். ஒரு எழுத்து மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முப்பத்திமூன்று வருடமாக அப்படித்தானே செய்தோம்.

நாற்பதாவது ஆள் முடிந்ததும் ராஜாத்தி வந்தாள். டில்லிபாபுவின் பெண்சாதி. அவனும் என்னோடு வின்ச் ஓட்டியவன். தை மாதம் நெஞ்சு வலியில் போய்விட்டான். நாங்கள் செத்தவர் பேரையும் ஒரு வருடத்துக்குக் கடிதத்திலிருந்து எடுக்கமாட்டோம், நாற்பத்தொன்றில் அவன் பேரும் சேர்த்திதான். அவன் போனை அவள் இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தாள். ஓடிபி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக ஆறு நம்பரையும் படித்தாள்.

ஒரு மணிக்கு முடிந்தது. எழுபத்தொன்பது கருத்து. நாலு புள்ளி ஒன்று. ரஹீமுன்னிசா மிச்சமிருந்த வடகறியை எல்லாருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். ஆன்றோவுக்குப் போன் போட்டு நட்சத்திரக் கணக்கையும் கட்டர் விஷயத்தையும் சொன்னோம். "சீலுக்குக் கட்டர்னு சொன்னீங்கள்ல, அது எவ்வளவு நீளம் இருக்கும், சார்?" என்று கேட்டார். கையை விரித்து அளவு சொன்னேன், போனில் தெரியாது என்பதை மறந்து. அடுத்த நாவலில் பதினொரு பக்கம் எழுதிவிட்டதாகத் திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டுச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரஹீமுன்னிசா இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். போனில் முப்பத்தெட்டு கருத்து. மூன்று புள்ளி ஒன்று. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. "இந்தத் தொடருக்குப் போலிக் கருத்துகள் பதிவானது கண்டறியப்பட்டுள்ளது. தொடர் முடக்கப்படுகிறது."

பத்து மணிக்கு ஆன்றோ வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. "கம்பெனியிலேருந்து கூப்பிட்டாங்க. நீங்களே ஆள் வச்சுப் போட்டீங்களான்னு கேக்குறாங்க. நாப்பத்தொரு கருத்தும் ஒரே போன்லேருந்து, ஒரே நாள்ல, புள்ளி கமா மாறாம வந்திருக்காம். நெசமான ஆளுங்கன்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னுட்டாங்க."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பகலவன் மட்டும், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நாம ஆளுதான்னு காட்டிட்டு வரலாம், கெளம்பு" என்றேன்.

நான், ரஹீமுன்னிசா, ராஜாத்தி, பகலவன், ஆன்றோ. தேரடியில் மெட்ரோ ஏறினோம். கம்பெனி கிண்டிக்கு அந்தாண்டை ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. பென்ஷன் கார்டு, ஆதார், கடிதக் கட்டு எல்லாம் எடுத்துப் போனேன். கீழேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டான். ஒன்றரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். ராஜாத்தி சோபா அழுக்காகிவிடும் என்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சுஜா என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். நல்ல பெண். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். கடிதங்களைப் பிரித்து இரண்டு மூன்றைப் படித்தாள். அந்த ஏணிக் கடிதத்தைப் படித்துச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அது வந்திருக்கக் கூடாது.

"எங்களப் பாத்துட்டியேம்மா. நாங்க ஆளுங்கதான?" என்று கேட்டேன்.

"ஆமா, சார். எனக்குத் தெரியுது. ஆனா எடுத்தது நான் இல்ல, சிஸ்டம். ஒரே போன், ஒரே டெக்ஸ்ட்டுன்னா அதுவா தூக்கிடும்."

"அப்போ நீ திருப்பிப் போடு."

"என்னால முடியாது, சார். மேல ஒரு டீம் இருக்கு. அவங்க பெங்களூர்ல. நான் எழுதிப் போடலாம். நாப்பத்தொரு பேரும் உண்மையான ஆளுங்கன்னு நான் உறுதி குடுக்கணும்." தன் போனில் எங்கள் பட்டியலை எடுத்தாள். இங்கே இருக்கிற பேர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்தாள். சுப்பராயன் நான். பகலவன் இவன். "டில்லிபாபு யாரு? வந்திருக்காரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜாத்தி சொல்லிவிட்டாள். "அவரு தையில தவறிட்டாரும்மா."

சுஜா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கருத்து போன ஞாயித்துக்கிழமை போட்டிருக்கும்மா."

"நாந்தான் போட்டேன். ஆனா அவரு கருத்துதாம்மா அது. சண்டையக் கொற, சண்டையக் கொறன்னு முப்பது வர்சமா அத்தையேதான் சொல்லிகினு இருந்தாரு. நான் ஒரு வார்த்தையும் சேக்கல. இவங்கள வோணா கேட்டுப் பாரு."

அந்தப் பெண் எங்களைக் கேட்கவில்லை. ராஜாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் எழுதினா, போலின்னு அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்மா. எழுதாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி" என்றாள். எழுந்து நின்றுகொண்டு, "சாரி, சார்" என்று ஆன்றோவிடம் சொன்னாள். அவர், "பரவால்லம்மா, நீங்க என்ன செய்வீங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்.

நான் கத்தினேன். செக்யூரிட்டி வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன். வயது எழுபத்திரண்டு, தட்டிவிட்டால் என்ன ஆகிவிடும்? பகலவன் என் தோளை அணைத்து வெளியே கூட்டிவந்துவிட்டான். திரும்பி வருகிற ரயிலில் ராஜாத்தி ஒரு தடவை, "நான் அவரு ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லிருக்கணும், இல்லண்ணே?" என்று கேட்டாள். வாழ்நாளில் பொய் சொல்லாதவளிடம் ஆமாம் என்று எப்படிச் சொல்வது? சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே சுரங்கச் சுவர்தான் தெரிந்தது.

முப்பதாம் தேதி வந்தது, போனது. செம்பியனை ஆப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். தேடினால் ஒன்றும் வராது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆன்றோ படிப்பகத்துக்கு வந்தார். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை, அதனால் வந்தேன் என்றார். நாற்காலியில் உட்காராமல் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுதிய பதினொரு பக்கத்தைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

பத்து மணி ஆனது. வாசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போது ரஹீமுன்னிசா தயங்கித் தயங்கிப் போனை எடுத்தாள். "அதே ஆப்புல இன்னொன்னு கீதுண்ணே. ஒரு பணக்காரப் பையன், ஒரு நர்ஸுப் பொண்ணு. ஒரு வர்சத்துக்கு மட்டும் கண்ணாலம்னு பாண்டு பேப்பர்ல எய்திக்கிறாங்கோ. ஹில்டாதான் சொன்னா. சும்மா ஒரு பார்ட் படிக்கவா?"

"அந்தக் கலீஜெல்லாம் இங்க படிக்கக் கூடாது" என்றேன்.

"படிங்க, கேப்போம்" என்றார் ஆன்றோ.

அவள் வாசித்தாள். முதலில் பகலவன் கிண்டல் செய்துகொண்டிருந்தான். பத்து நிமிடத்தில் அவனும் வாயை மூடிக்கொண்டான். செருப்பைத் தேடியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்த நர்ஸ் பெண் கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை "அம்மா" என்று ஓடிவந்தது. அதோடு நிறுத்திவிட்டான். எவனோ எழுதியது, எங்கேயோ இருக்கிறவன். என் வாயிலிருந்து, "யாரு கொய்ந்தடா அது?" என்று வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் ஆன்றோ இருப்பது உறைத்தது.

வழக்கப்படி கருத்து ஆரம்பமானது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஹில்டா சொன்னாள், ராஜாத்தி சொன்னாள், எண்ணூர்க்காரர் சொன்னார். பெஞ்சில் வரிசையாக வந்து முறை ஆன்றோவிடம் நின்றது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கதை நல்லாப் போகுது. அந்தக் கொழந்தைய இன்னும் ரெண்டு பக்கம் கழிச்சு விட்டிருக்கலாம்" என்றார்.

ரஹீமுன்னிசா போனை என் பக்கம் நீட்டினாள். "இத்த எய்தவாண்ணே?"

நான் வாசலில் நின்ற தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்றோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள், அப்புறம் தன் பேரில் தட்ட ஆரம்பித்தாள்.